ஐந்தரை மணிக்குச் சொன்னது

மடிக்கணினியை வைக்க டாக்டரம்மா இடம் தேடவே, பெயின்டர் மேஜையிலிருந்த மனைவியின் மூக்குக்கண்ணாடியை எடுத்தார். எடுத்தவருக்கு அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறந்திருந்த உள்ளறையில் மனைவி படுத்திருந்தாள். ஜன்னல் திரை உப்பி அடங்குவதைப் பார்த்து, அவள்தான் மூச்சுவிடுகிறாள் என்று இரண்டு தடவை ஏமாந்துபோனார். பத்து மணி வெயில், அவரே அடித்த இளம்பச்சைச் சுவரைப் பெயரில்லாத ஏதோ ஒரு நிறமாக்கியிருந்தது. நாற்பது வருஷம் சுவர்களோடு பழகியவர். அந்த நிறத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

கூடத்தில் மகள் போனில் பேசும் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் வந்தது. "தூக்கத்துலயே போயிட்டாங்க அத்தை. ஒரு கஷ்டமும் இல்லையாம். அப்பா பக்கத்துலயேதான் இருந்தாங்க."

அவர்தான் மகளிடம் அப்படிச் சொல்லியிருந்தார்.

"சான்றிதழுக்கு எழுதிட்டேன் ஐயா," என்றாள் டாக்டரம்மா. பன்னிரண்டு வருஷமாக அடுத்த தெரு கிளினிக்கில் அவர் மனைவியைப் பார்த்து வந்தவள். "அந்த ஆராய்ச்சிக்கு ஒரு பக்கம் நிரப்பணும். இன்னைக்கு வேணாம்னா அப்புறம் பாத்துக்கலாம்."

"பரவால்ல, கேளுங்க."

மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் கிளினிக்கில்தான் மனைவியிடம் கேட்டார்கள்: உங்கள் நோய்க்குறிப்புகளைப் பெயரை எடுத்துவிட்டு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பலாமா? தொலைபேசி நிலையத்தில் முப்பது வருஷம் இணைப்புக் கொடுத்தவள் அவள். "பேரு போகாதா? அப்ப ஒண்ணு விடாம சொல்லலாமே! நான்தான் எங்கயும் போகல, என் வியாதியாவது ஊரு சுத்தட்டும்," என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு தும்மலைக்கூட நேரத்தோடுதான் சொன்னாள்.

"போறதுக்கு முன்னாடி ஏதாவது சொன்னாங்களா? வலி, மூச்சு வாங்குது, அந்த மாதிரி?"

இல்லையென்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டாக்டரம்மாவின் விரல் அந்தக் கட்டத்தின்மேல் காத்திருந்தது. பெயின்டர் மடிக்கணினித் திரையைப் பார்த்தார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் எண். அதன் கீழே வரி வரியாக அவள் சொன்னவை. அத்தனையும் உண்மை.

"சொன்னா," என்றார். "அஞ்சரை மணிக்கு எழுப்பினா. இடது கை கனக்குது, தாடை என்னமோ மாதிரி இருக்குன்னா. கையை அடியில போட்டுப் படுத்திருப்ப, பேசாம தூங்கு, சரியாப் போயிடும்னேன்."

"அப்புறம்?"

"சரின்னா. நானும் தூங்கிட்டேன்."

விரல்கள் ஒரு கணம் நின்று, மறுபடி மெதுவாகத் தட்டின. "அஞ்சரைங்கறது உறுதியாத் தெரியுமா ஐயா?"

"கடிகாரத்தைப் பாத்துத்தான் சொன்னா. அவ மணியில்லாம என்னைக்குச் சொன்னா?"

திரைச்சீலை உப்பியது. அடங்கியது.

"அப்பவே உங்களைக் கூப்பிட்டிருந்தா..."

"தெரியல ஐயா. பிழைச்சிருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன்." டாக்டரம்மா கண்ணைக் கணினித் திரையிலிருந்து எடுத்து அவர்மேல் வைத்தாள். "நிறைய பொம்பளைங்களுக்கு மாரடைப்பு இப்படித்தான் வருது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழறதில்ல. வீட்டுல இருக்கறவங்க தூங்குன்னுதான் சொல்றாங்க. அதை யாரும் வந்து எங்ககிட்ட சொல்றதில்ல. அதான் எங்க குறிப்புலயும் இருக்கறதில்ல."

கூடத்துப் பேச்சு எப்போது நின்றதென்று அவர் கவனிக்கவில்லை. நிமிர்ந்தபோது மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். கையிலிருந்த போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாம் கேட்டியா?"

டாக்டரம்மா கடைசி வரியைத் தட்டி முடித்து, ஓசைப்படாமல் மூடியைச் சாத்திவிட்டு எழுந்து வெளியே போனாள்.

மகள் போனை அணைத்தாள். அவரைப் பார்க்காமல் உள்ளே போய் அம்மாவின் காலடியில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். வெயில் சுவரிலிருந்து இறங்கித் தரைக்கு வந்தது.

பிறகு திரும்பி வந்து அவர் முன்னால் குனிந்தாள். அவசரத்தில் மேலும் கீழுமாகப் போட்டிருந்த அவருடைய சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுத்திலிருந்து ஆரம்பித்துச் சரியாகப் போட்டுவிட்டாள்.