ஞாயிற்றுக்கிழமை ஒன்று முதல் மூன்று வரை

காது கேட்கும் கருவி எல்லாச் சத்தத்தையும் ஒரே மாதிரி பெருக்கிக் கொடுக்காது. அப்படிக் கொடுத்தால் மாட்டியவர் அரைமணி நேரத்தில் கழற்றி எறிந்துவிடுவார். ஒருவருக்குப் பறவைச் சத்தம் போயிருக்கும், பேருந்துச் சத்தம் நன்றாகக் கேட்கும். அவருக்குப் பறவையை மட்டும் உயர்த்திக் கொடுத்துப் பேருந்தை அப்படியே விட்டுவிட வேண்டும். எது போயிருக்கிறது என்று தெரிய, முதலில் அவரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இதை அந்தக் காதுக் கருவிக் கடையில் வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் வரைபடம் போட்டு விளக்குபவள் காதுக்காரம்மா. வாடிக்கையாளர்கள் வைத்த பெயர்தான், அவளுக்கும் பிடித்துப்போயிற்று.

அன்று அவள் எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர். அக்கா போய் மூன்று வருடம் ஆகிறது. கடைசியில் அக்கா அவள் கையைப் பிடித்து, "அவரைப் பாத்துக்கோடி" என்றாள். எந்தச் சாமியையும் கும்பிடாத மனிதரைப் பார்த்துக்கொள்வது என்றால் இயேசுவிடம் கொண்டு சேர்ப்பதுதான் என்று இவள் எடுத்துக்கொண்டாள். அதனால் ஞாயிறுதோறும் அவருக்குச் சாப்பாடு இவள் வீட்டில். சாப்பாட்டோடு சேர்த்து இரண்டு மணி நேரப் பேச்சும் உண்டு.

அவரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை. காதோரம் லேசாகச் சொறிந்துகொண்டு, புன்னகையோடு தலையாட்டிக்கொண்டே இருப்பார். 'உருகிவருகிறார்' என்று இவள் சபையில் சொல்ல, ஜெபக் குழுவின் ஐந்து பெண்களும் மூன்று வாரமாகக் கடவுளுக்கு நன்றி ஸ்தோத்திரம் சொல்லிவருகிறார்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் காதுக் கருவியைக் கணினியில் இணைத்துப் பார்ப்பது வழக்கம். இந்தமுறை அவர் மாட்டியிருந்தது புது ரகம்; எந்த நாளில் எத்தனை மணிக்கு ஓடியது, எப்போது நின்றது என்று அதற்குள் எல்லாமே பதிவாகியிருக்கும். திரையைப் பார்த்தவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அத்தான், மிஷின் ஞாயித்துக்கிழமை மட்டும் ரெண்டு மணி நேரம் நிக்குதே?"

"அதுக்கும் ஓய்வு நாள் வேணும்ல? உங்க வேதத்துலயே இருக்காமே."

"ஒரு மணியிலேர்ந்து மூணு மணி வரைக்கும். வாரம் தவறாம."

அத்தான் முகம் சுருங்கியது. "அட கோள்மூட்டி! இதெல்லாமா எழுதிவைக்குது?"

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. காதோரம் சொறிவது! கருவியின் பொத்தான் அங்கேதானே இருக்கிறது.

"அப்ப நான் சொன்ன எதுவுமே..."

"முதல் மாசம் கேட்டேன்மா, பொய் சொல்லக்கூடாது. அப்புறம் தேவைப்படல. நீ விரலைத் தூக்கினா தலையாட்டணும். நெஞ்சுல கைவெச்சா முகத்தைக் கொஞ்சம் சோகமா வெச்சுக்கணும்."

"அதுக்கு வராமலே இருந்திருக்கலாமே!"

"வரலைன்னா நீ அழுவ. வந்தா நீ பேசுவ. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பொத்தான் இருந்துச்சு." சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "இனிமே வரலைம்மா. பிடிபட்டாச்சு, எனக்கும் நடிச்சு அலுத்துப்போச்சு."

கதவு சாத்திக்கொண்டது. அக்கா ஒப்படைத்துவிட்டுப் போன மனிதர் கைநழுவிப் போகிறார் என்பது அவளுக்கு உறைத்தது.

அன்று மாலை ஜெபக் குழுவில் உள்ளதைச் சொன்னாள். மூத்தவள் திகைத்துப்போய், "ஸ்தோத்திரமெல்லாம் சொல்லி முடிச்சிட்டோமே, இப்ப எப்படித் திருப்பி வாங்குறது?" என்றாள்.

மறுநாள் கடையில் புதிதாய்ச் சேர்ந்த பெண் ஒருத்தி, ஒரு பெரியவருக்கு எல்லாச் சத்தத்தையும் உச்சத்தில் வைத்துவிட்டு, "ஏன் சார் கழட்டுறீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். காதுக்காரம்மா வழக்கம்போல வரைபடத்தை எடுத்தாள். "முதல்ல நாம பேசக்கூடாதும்மா. அவருக்கு எது கேக்கலைன்னு..." தான் சொல்வது அவள் காதிலேயே விழுந்தது. வரைபடத்தைப் புதியவள் கையில் கொடுத்துவிட்டு போனை எடுத்தாள்.

"அத்தான், ஞாயித்துக்கிழமை வாங்க. நான் பேசமாட்டேன்."

"நீயா? எவ்வளவு நேரம் தாங்கும்?"

"நீங்க பேசி முடிக்கிற வரைக்கும்."

வேடிக்கை பார்க்கவாவது வரவேண்டும் என்று தோன்றியதோ என்னவோ, வந்தார். சாப்பிட்டார். அவள் எதிரே உட்கார்ந்து உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் மின்விசிறிதான் பேசியது. பிறகு அத்தான் மெல்ல ஆரம்பித்தார். கல்யாணமான புதிதில் சாவியைத் தொலைத்துவிட்டு இருவரும் மாடிப்படியில் உட்கார்ந்து போட்ட சண்டை. அக்காவின் குறட்டை. கடைசியில் ஆஸ்பத்திரி.

"வந்தவங்க எல்லாரும், உனக்கு விசுவாசம் இருந்திருந்தா அவ பிழைச்சிருப்பான்னு சொன்னாங்க. நான்தான் அவளைக் கொன்ன மாதிரி."

"நானும் சொன்னேன்ல?" என்றாள் அவள்.

"நீதான் முதல்ல சொன்ன."

"தப்பு அத்தான். அது இயேசு சொன்னதில்ல, நான் சொன்னது. மன்னிச்சிடுங்க."

அவர் தண்ணீர்க் குவளையை நகர்த்தி நகர்த்தி வைத்தார். பிறகு, "சரி, சொல்லு," என்றார்.

"என்ன சொல்லணும்?"

"தினம் எனக்காக வேண்டிக்கிறியாமே. என்னதான் கேக்குற? சுருக்கமா சொல்லு, ரெண்டு மணி நேரம் வேணாம்."

மூன்று வருடமாகச் சேர்த்துவைத்த பேச்சில் ஒன்றுகூட அவளுக்கு நினைவுக்கு வரவில்லை. "இயேசு செத்துப்போன சிநேகிதனோட கல்லறைக்குப் போனாரு. அவனை உயிரோட எழுப்பப்போறோம்னு தெரிஞ்சும், சுத்தி அழுதவங்களைப் பாத்து அவரும் அழுதாரு. அவர் உங்ககூடவும் உக்காந்து அழுவாருன்னு நான் நம்புறேன். அது உங்களுக்கும் தெரியணும், அவ்வளவுதான் கேக்குறேன்."

மணி இரண்டரை. அத்தானின் கை மெல்ல மேலே எழுந்து காதோரம் போனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத," என்றார் அத்தான். "இப்ப நிஜமாவே அரிக்குது. நீ மேல சொல்லு."