அனைவருக்குமான கடல்

ரெக்சன் அண்ணாச்சி தன் படகுச் சவாரிக்கு மூணாவது தடவையாகப் பெயர் மாற்றியபோது எனக்கு வாயில் வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை.

ஆறு வருடத்துக்கு முன்னால் துறைமுகச் சாலையில் லாரி இடித்து எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பிளெக்ஸ் கடையில் எழுத்து அடிக்கிறேன். அண்ணாச்சியின் போர்டு எல்லாமே என் கைவேலைதான். முதலில் ‘ஊனமுற்றோர் சலுகைச் சவாரி’. யாரோ திட்டினார்கள் என்று ‘மாற்றுத்திறனாளிகள் இன்பச் சவாரி’. பிறகு ‘சிறப்புத் தேவையுடையோர் கடலுலா’. இப்போது ‘அனைவருக்குமான கடல்’. படகுத்துறையில் இறங்கும் அஞ்சு படிக்கு மட்டும் ஒரு மாற்றமும் கிடையாது.

முதல் போர்டு வைத்த வருடம் நானும் ஆசைப்பட்டுப் போனேன். ரெண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சேலை தொடைக்கு ஏறிவிட்டது. இழுத்துவிட முடியவில்லை, விழுந்துவிடாமல் அவர்கள் கழுத்தைப் பிடித்திருந்தேன். அன்றைக்குக் கடலைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை, அந்தக் கைகள்தான் ஞாபகம் இருக்கின்றன. இனி யார் கையும் படாமல், நானே உருட்டிக்கொண்டு போய்த்தான் படகேறுவேன் என்று வைராக்கியம் வைத்தேன்.

இந்தத் தடவை போர்டு அடிக்க வந்த அண்ணாச்சி, திறப்பு விழாவுக்குச் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி அம்மா வருவதாகவும், நான் மைக்கில் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றும் கெஞ்சினார்.

“சாய்தளம் போட்டா வாரேன். ஒருத்தன் கை என்மேல படக் கூடாது” என்றேன்.

“மாதா சத்தியமா படாது ஏளா” என்றார். நம்பினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

போனால் சாய்தளம் இல்லை. ரெண்டு நீளக் கம்பு, கயிறு, பூமாலை, ஆறு ஆட்கள். திருவிழாவில் மாதா சப்பரம் தூக்குகிறவர்கள். நான் என்னவென்று கேட்பதற்குள் நாற்காலிக்கு அடியில் கம்பைக் கட்டித் தோளுக்கு ஏற்றிவிட்டார்கள். செண்டை மேளம் அடித்தது. சப்பரத்தைச் செய்வதுபோலவே கூட்டத்தைப் பார்த்து மூன்று தடவை தாழ்த்தி உயர்த்தினார்கள். நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே நூறு போன் என்னைப் படம் பிடித்தது. அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மனுஷன் நிஜமாகவே எனக்கு மரியாதை செய்வதாக நினைத்திருக்கிறார். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

அஞ்சு படியும் இறக்கிப் படகுப் பக்கம் நாற்காலியை வைத்துக் கம்பை உருவினார்கள். அதிகாரி அம்மா கைதட்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். ‘அனைவருக்கும்’ என்ற சொல் எவ்வளவு அழகு என்று பேசிவிட்டு, மைக்கை என்னிடம் நீட்டினார்.

“மேடம், அனைவருக்கும்னா உங்களுக்கும்தான? இதேமாதிரி உங்களையும் தூக்கிப் படகுல ஏத்தச் சொல்லுங்க” என்றேன்.

அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பல். இது நல்ல யோசனையாகப் பட்டுவிட்டது அவருக்கு. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை ஓடிப்போய் எடுத்துவந்தார். அம்மா வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்க, சப்பரக்காரர் ஒருவர் பணிவாக அவரை உட்காரவைக்க முழங்கையைப் பிடித்தார்.

“கையை எடுங்க! யாரைக் கேட்டு என்னைத் தொடுறீங்க?”

என் கையிலிருந்த மைக் வழியாகத் துறை முழுக்கக் கேட்டது. செண்டை நின்றது.

“அதத்தான் மேடம் நானும் ஆறு வருசமாச் சொல்லுதேன்” என்றேன்.

அந்த அம்மாவின் முகம் கறுத்தது. விறுவிறுவென்று படியேறிக் காருக்குப் போய்விட்டார். அண்ணாச்சி, விழாவைக் கெடுத்துவிட்டாயே என்று என்மேல் பாய்ந்தார். நன்றி கெட்டவள் என்றார். பிறகு என்னை மேலே கொண்டுபோகச் சொல்லி ஆட்களுக்குக் கைகாட்டினார். நான் சக்கரத்துக்குப் பிரேக் போட்டேன்.

“கம்பத் தொட்டா தண்ணிக்குள்ள விழுந்திருவேன் அண்ணாச்சி. விளையாட்டுக்குச் சொல்லல.”

ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் வில்பிரட் பக்கத்து மீன் கம்பெனிக்குப் போனார். ஐஸ் பெட்டி சறுக்கி இறக்குகிற நீளப் பலகைகள் ரெண்டை ஆள் வைத்துத் தூக்கிவந்து படிமேல் சாய்த்து, அடியில் கல் கொடுத்து, ஏறி மிதித்துப் பார்த்தார்.

உருட்டி ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கியது. எவனும் கிட்டே வரவில்லை. மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். பலகை போட அவர்களுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, படுபாவிகளுக்கு.