கூப்பிடு தூரத்தில் ஒரு படகு

"பட்டனை அமுக்கு, வென்டல்."

"எதுக்கு? படகுதான் அங்கே தெரியுதே..."

"நமக்கு அது தெரியுது. அதுக்கு நாம தெரியறோமா?"

"...படகு கண்ணுக்குத் தெரியற வரைக்கும் ஆபத்துன்னு சொல்லக் கூடாது, லோர்னா. தாமதம்னுதான் சொல்லணும். சங்கத்து விதியை எழுதினவனே நான்தான்."

"அப்ப படகு மறையட்டும்னு காத்திருக்கணுமா?"

பாம் பீச்சுக்குக் கிழக்கே, கழுத்துவரை கடலில் மிதந்தபடி கணவனும் மனைவியும் பேசிய பேச்சு இது. ஆமையைப் படம் எடுக்கிறேன் என்று வென்டல் அதன் பின்னால் போக, வென்டலின் பின்னால் லோர்னா போக, மேலே வந்து பார்த்தால் கூட வந்தவர்களைக் காணோம். தெற்கே நின்று படகு அவர்களை ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டிருந்தது. நீரோட்டம் இவர்களை வடக்கே இழுத்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான், ஆனால் எதிர்க்காற்று.

வென்டல் எங்கள் டைவிங் சங்கத்தின் பாதுகாப்புச் செயலாளர். பட்டனை அமுக்கினால் ஆகாயம் வழியாக உதவி கேட்கும் சாட்டிலைட் கருவி இல்லாமல் யாரும் கடலில் இறங்கக் கூடாது என்று வருகிற சனிக்கிழமை தீர்மானம் கொண்டுவர இருந்தார். நாங்கள் எல்லோரும் இடுப்பில் சுருட்டி வைத்திருக்கும் ஆரஞ்சுப் பலூன் ஒன்று உண்டு. ஊதினால் ஆளுயரம் நிற்கும், படகுக்காரர் கண்ணில் படும். அதை அன்று படகிலேயே விட்டுவிட்டார். லோர்னாவினதையும் கழற்ற வைத்தார். ஆகாயத்தோடு பேசுகிறவனுக்குப் பலூன் எதற்கு என்று கேட்டார்.

"அமுக்கினா பதிவாகிடும். செயலாளரே தொலைஞ்சு போனாரான்னு அந்த ப்ரெஸ்காட் சங்கத்துக் கூட்டத்துல எழுந்து நின்னு கேப்பான்."

"திரும்பிப் போகலைன்னா அதே ப்ரெஸ்காட் எழுந்து நின்னு இரங்கல் வாசிப்பான். அது பரவாயில்லையா? கெண்டைக்கால் இழுக்குது, வென்டல். விளையாட்டுக்குச் சொல்லல."

அப்போது படகு நகர்ந்தது. இன்னும் தெற்கே.

வென்டல் இடுப்பில் கட்டியிருந்த நீர் புகாத டப்பாவைத் திறந்து கருவியை எடுத்து அமுக்கினார். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். செய்தி ஆகாயத்துக்குப் போய், டெக்சாஸில் ஏதோ ஓர் அலுவலகத்தில் இறங்கி, பதில் திரும்பி வருவதற்குள் அலைகள் இருவர் வாயிலும் உப்பு ஊற்றின.

"என்ன சொல்றாங்க?"

"உங்களுக்கு என்ன ஆபத்துன்னு கேக்கறாங்க."

"தொலைஞ்சுட்டோம்னு போடு."

'படகு எங்களைத் தொலைத்துவிட்டது' என்று ஊறிப்போன கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாக அடித்தார் வென்டல்.

அடுத்த பதிலை அவர் இரண்டு முறை படித்தார்.

"என்னய்யா?"

"உறுதிப்படுத்திக்க, நாம கொடுத்த அவசர நம்பருக்குக் கூப்பிட்டாங்களாம். ஒரு பொம்பளை எடுத்தாளாம்."

"யார் நம்பரைக் கொடுத்தே?"

"வேற யாரு இருக்கா எனக்கு?"

"வென்டல்."

"உன்னோடதுதான்."

"என் போன் படகுல என் பையில இருக்கு."

"தெரியும். கேப்டன் மேவிஸ் எடுத்திருப்பா. 'லோர்னா தண்ணிக்குள்ள இருக்காங்க, வந்ததும் கூப்பிடச் சொல்றேன்'னு சொல்லி வச்சுட்டாளாம். எஞ்சின் சத்தத்துல அவளுக்கு வேற எதுவும் கேக்கலையாம்."

லோர்னா சிரித்தார். சிரித்ததில் ஒரு வாய்க் கடல் உள்ளே போயிற்று. இருமி முடித்தபோது சிரிப்பு போய்விட்டிருந்தது.

"கடலோரக் காவல்படைக்கும் சொல்லியிருக்காங்க. நாம இருக்கற இடம் அச்சு பிசகாமத் தெரியுதாம். தைரியமா இருக்கச் சொல்றாங்க."

"யாருக்குத் தெரியுது?"

"டெக்சாஸுக்கு."

"மேவிஸுக்கு?"

வென்டல் அதைப் பற்றி விளக்கமாக அடிக்கத் தொடங்கினார். படகு இப்போது தீப்பெட்டி அளவுக்கு ஆகியிருந்தது. லோர்னா இழுக்கிற காலை மடக்கி, அதிலிருந்த நீளமான மஞ்சள் ரப்பர் துடுப்பை உருவினார். இரு கைகளாலும் தலைக்கு மேல் பிடித்து இடமும் வலமும் ஆட்டினார்.

"அதை விட்டுட்டு இந்தக் கருவியைக் கொஞ்சம் பிடி. எனக்குக் கை வலிக்குது, பாதிதான் அடிச்சிருக்கேன்."

"மாட்டேன்."

"நீ ஆட்டினா அலையடிச்சுத் திரை நனையுது, லோர்னா."

"நனையட்டும்."

தோள் மரத்துப்போகும்வரை ஆட்டினார். படகு மூக்கைக் கொஞ்சம் திருப்பியது; பிறகு முழுவதும் திரும்பியது. மேல்தட்டில் நின்ற மேவிஸ் ஒரு கையை நீட்டி மஞ்சள் துடுப்பையே சுட்டிக்காட்டிக்கொண்டு வந்தார். இனி ஆட்டத் தேவையில்லை என்று தெரிந்தும் லோர்னாவின் கைகள் நிற்கவில்லை.

வென்டல் கையில் கருவி சிணுங்கியது.

"பாத்தியா? 'உதவி வந்துகொண்டிருக்கிறது.' நான் அமுக்கினதோட பலன்."

அவர் நிமிர்ந்தார். படகின் விளிம்பில் சங்கத்து ஆட்கள் வரிசையாக நின்றார்கள். நடுவில் ப்ரெஸ்காட், போனை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு. வென்டல் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"லோர்னா, அவங்க பக்கத்துல வரதுக்குள்ள அந்தத் துடுப்பைக் கால்ல மாட்டிக்கோயேன்."