அந்தோனியார் எடுத்த நோவு

அடைக்கலநாதனின் நெஞ்சுக்குள் வைத்த இரும்பு வால்வு டிக், டிக் என்று அடிக்கும். பக்கத்தில் படுக்கும் யசிந்தாவுக்கு அதுதான் தாலாட்டு. குருநகரில் மணிக்கூடு தேவைப்படாத வீடு தன்னுடையதுதான் என்று பகிடி விடுவாள்.

இப்போது அந்தச் சத்தம் மங்கிக்கொண்டு வந்தது. மலம் கறுப்பாகப் போய் ஆள் வெளிறி விழுந்ததும், வால்வுக்காக அவர் நாளாந்தம் போடும், இரத்தம் இளக்கும் குளிசையை ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். கொடுத்தால் குடலால் இரத்தம் ஒழுகும். கொடுக்காவிட்டால் வால்வில் இரத்தம் கட்டும். ஒழுகும் இடத்தைக் கண்டால்தான் மனிசன் தப்புவார். வாயால் விட்ட கமராவும் கீழால் விட்ட கமராவும் ஒன்றும் காணவில்லை. மிச்சம் சிறுகுடல். அதற்காகக் குளிசை அளவு கமரா ஒன்றை விழுங்கக் கொடுத்தார்கள்.

அது அனுப்பும் படங்களைப் பிடிக்க அவர் இடுப்பில் கட்டிய பெட்டியில் நீல வெளிச்சம் கண் சிமிட்டியது. யசிந்தா எங்கே நகர்ந்தாலும் அது தன்னையே பார்ப்பதுபோல இருந்தது.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறாய்?" என்றார் புருசன்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காமல் என்ன செய்யும்? வால்வு வைத்த அன்று நேர்த்தி வைத்தவள் அவள். பிழைத்தால் வருசாவருசம் திருநாளில் புனித அந்தோனியாரின் சிலை வைத்த சுரூபக் கூட்டை அவர் தோளில் சுமப்பார் என்று. முதல் வருசமே முதுகு பிடித்துக்கொண்டது. டாக்குத்தர் கூடாதென்று சொன்னதால் வலி அடக்கும் நோக்குளிசையை அவர் தொடமாட்டார். நேர்த்தி தவறினால் வால்வு நின்றுவிடும் என்று இவளுக்கு நடுக்கம். அவருக்குத் தெரியாமல் அதைக் கடையில் வாங்கி, இடித்து, விடியத் தேத்தண்ணிக்குள் போட்டாள். நோ போயே போய்விட்டது. மனிசன் சும்மா இருந்தாரா? "அந்தோனியார் என்ரை நோவை எடுத்திட்டார்" என்று கோயிலில் எழும்பி நின்று அழுதழுது சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு எப்படி நிறுத்துவது?

மறுநாள் டாக்குத்தர் தனுஷிகா இருவரையும் திரைக்கு முன்னால் இருத்தினாள். சிவந்த குகை. ஆங்காங்கே புண்கள். பிறகு ஒரு வளையம். சுருங்கியது, விரிந்தது, மறுபடி சுருங்கியது. படத்துக்குப் படம் அதே வளையம். யசிந்தாவுக்கு அது ஏதோ சொல்லப் பார்க்கும் வாயேதான்.

"குடல் தழும்பு பிடிச்சு ஒடுங்கின இடம் உது. கமரா இன்னும் உதுக்கு மேலைதான் செருகி நிக்குது. உப்பிடிப் புண், தழும்பு வாறது கூட நோக்குளிசையாலை. போடுறனீங்களோ ஐயா?"

"அந்தோனியார் அறிய ஒருநாளும் இல்லை, பிள்ளை."

"வடிவா யோசியுங்கோ. காரணம் தெரியாமல் இரத்தம் இளக்கிற மருந்தைத் தொடங்கப் பயமாக் கிடக்கு."

"பொய் சொல்ல நான் என்ன கள்ளனோ? யசி, நீ சொல்லு!"

அவள் காதைக் கூர்மையாக்கினாள். பக்கத்திலேயே இருந்தும் அந்த டிக் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ஐயோ, மாதாவே! திரையில் வளையம் மெல்ல விரிந்தது.

"நான்தான் குடுத்தனான்," என்றாள் யசிந்தா. "தேத்தண்ணியிலை. ஒவ்வொரு நாளும்."

தனுஷிகா நீளமாக மூச்சு விட்டாள். "நல்ல காலம் சொன்னியள், அம்மா. இனிக் குடுக்காதேங்கோ, புண் ஆறும். கமராவை எடுக்கப் பிறகு வழி பாப்பம். மருந்தை ஊசியாலை மெல்ல மெல்ல இண்டைக்கே தொடங்குவம்."

உயிர் தப்பிய மனிசன் கோபிக்கவில்லை. ஏசினாலாவது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுரூபக் கூடு சுமந்த தன் தோளைத் தடவிக்கொண்டு மெல்லக் கேட்டார்:

"அப்ப யசி, அந்தோனியார் என்னட்டை வரவே இல்லையோ?"