சொல்லிவிட்டுக் கூட்டிப்போனது

எழுபத்திரண்டாம் வருஷம் வைகாசி மாதம் வைரக்கண்ணுவுக்கு முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து வேலை வந்தது. அங்கே விவசாயிகள் சேர்ந்து புதிதாக ஒரு கூட்டுறவு அரிசி ஆலை தொடங்கியிருந்தார்கள். ஆலைக்கென்று ஒரு கபடி செட்டு சேர்க்க வேண்டும், அதற்குப் பயிற்சி கொடுக்க ஆள் வேண்டும் என்று செயலாளர் தியாகராசன் நேரிலேயே பஸ் ஏறி வந்தார்.

வைரக்கண்ணுவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. வடமருதூரில் பஞ்சநதம் என்ற மிராசுதார் நடத்திய செட்டுக்குப் பதினோரு வருஷமாக அவர்தான் மாஸ்டர். நாகப்பட்டினத்திலிருந்து புதுக்கோட்டை வரை அந்தச் செட்டு வாங்காத கோப்பை இல்லை. ஆனால் மூன்று வருஷமாக ஊர் சரியில்லை. கூலித் தகராறு, அறுவடைக்கு வெளியூர் ஆள், வயலோரத்தில் போலீஸ் லாரி. ஒரே பக்கம் நின்று ஆடுகிற பண்ணையாள் மகனும் மிராசுதாரின் பங்காளி மகனும் ஆட்டம் முடிந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வைரக்கண்ணுவுக்கு அலுத்துப் போயிருந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

"கூட யாரு வேணுமோ கூட்டிக்கிட்டு வாங்க மாஸ்டர்," என்றார் தியாகராசன்.

"ரெண்டு பேரு வேணும். யூனுஸ் பாய், சுளுக்கு வழிக்கிறவர். அவருக்கு முத்துப்பேட்டைதான் சொந்த ஊரு. இன்னொருத்தன் அய்யாக்கண்ணு. பிடி சொல்லிக் குடுக்கறதுல அவனை மாதிரி இந்த ஜில்லாவுல ஆள் கிடையாது."

தியாகராசன் குரலைத் தாழ்த்தினார். "அப்படியே ஆட்டக்காரன்ல ஒரு நாலு பேரையும்... அந்தத் தியாகுப் பையன் பாடி வர்றப்ப பாத்திருக்கேன். சத்தமில்லாம சொல்லி வைங்க. நீங்க வந்த பிறகு ஒவ்வொருத்தனா வந்துரட்டும்."

"ஆட்டக்காரன் ஒருத்தனையும் தொட மாட்டேன். அந்த ரெண்டு பேரையும் மிராசுகிட்டக் கேட்டுட்டுத்தான் கூட்டிக்கிட்டு வருவேன்."

"கேட்டா விடுவாரா?"

"கேக்காம இழுத்துக்கிட்டு வந்தேன்னா, நாளைக்கு உங்ககிட்ட இருந்தும் இப்படித்தானே இழுத்துக்கிட்டுப் போவேன்? அது உங்களுக்குச் சம்மதமா?"

தியாகராசன் தலையாட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பினார்.

மறுநாள் காலை வைரக்கண்ணு பஞ்சநதத்தின் வீட்டுக்குப் போனார். மிராசுதார் நாற்காலி போடச் சொல்லி, காபி வரவழைத்து, முழுவதையும் கேட்டுக்கொண்டார். வைரக்கண்ணு போகிறார் என்றதும் அவர் முகத்தில் வருத்தம் தெரிந்தது. நடிப்பில்லை, அவர் கபடி என்றால் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்து பார்க்கிறவர்.

"போயிட்டு வாங்க மாஸ்டர். பதினோரு வருஷம் நல்லபடியா இருந்தோம். பாயும் வரட்டும், அவரு ஊருதானே." காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அய்யாக்கண்ணு கதை வேற. அவன் எங்க பண்ணை ஆளு. குடியிருக்கிற மனை என்னுது. அவன் போறதா இருந்தா மனையைக் காலி பண்ணிட்டுப் போகட்டும்."

"ஐயா, அவன் பொஞ்சாதி, பொண்ணுங்க எல்லாம் இங்கதானே..."

"சட்டம் போட்டிருக்காங்களே, குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம்னு. அதை நம்பித்தானே எல்லாரும் கால் தரையில படாம நடக்கிறானுங்க. சட்டம் மெட்ராஸ்ல இருக்கு மாஸ்டர். மனை என் வரப்போரம் இருக்கு."

வைரக்கண்ணு அங்கிருந்து நேரே அய்யாக்கண்ணுவின் குடிசைக்கு நடந்தார். கேட்க வேண்டியவரிடம் முறையாகக் கேட்டாயிற்று என்ற எண்ணத்தில்தான் போனார். அய்யாக்கண்ணு வாய்க்கால் வெட்டிவிட்டு அப்போதுதான் வந்து மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். நடந்ததைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி நாகம்மாள்தான் உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏண்ணே, எங்களைக் கேட்டீங்களா?"

வைரக்கண்ணுவுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"இவரு வர்றேன்னு சொன்னாரா? நான் அனுப்புறேன்னு சொன்னேனா? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம அவருகிட்டப் போய்க் கேட்டுட்டு வந்திருக்கீங்க. மாட்டுக்காரன்கிட்டக் கேட்டுட்டு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போற மாதிரில்ல இருக்கு."

"நாகம்மா, மாஸ்டரைப் போய்..." என்றான் அய்யாக்கண்ணு.

"நீ சும்மா இரு. இன்னைய வரைக்கும் நம்ம பேரு அவரு வாயில வரல. இப்ப வந்துருச்சு."

அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. மரியாதை என்று நினைத்து, கேட்க வேண்டிய முதல் ஆளை வைரக்கண்ணு விட்டுவிட்டார்.

"தப்புதாம்மா," என்றார். "நான்தான் இதை இழுத்து விட்டேன். இது முடியற வரைக்கும் நான் கூட நிப்பேன். என்ன செய்யணும்னு சொல்லு."

நாகம்மாள் அதை முன்பே யோசித்து வைத்திருந்தவள் போலச் சொன்னாள். "தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கணும். இந்தத் தெருவுல ஒருத்தரும் குடுக்கல, பயம். சாட்சிக்கு வெள்ளை வேட்டி கட்டின ஆள் ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்க. நீங்க வர்றீங்களா?"

மறுநாள் பஞ்சநதத்தின் காரியக்காரர் வந்து, எட்டு நாளில் குடிசையைப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே மூன்று பேரும் தாலுகா ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தார்கள். சாட்சி என்ற இடத்தில் வைரக்கண்ணு முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விசாரணை முடியும்வரை குடிசையில் கை வைக்கக் கூடாது என்று அங்கேயே ஒரு தாளும் எழுதிக் கொடுத்தார்கள்.

திரும்பும் வழியில் அவர் பஞ்சநதத்தின் வீட்டு வாசலில் ஏறினார். இந்த முறை யாரும் நாற்காலி போடவில்லை.

"மனுவுல சாட்சி போட்டிருக்கேங்கய்யா. வேற யாரும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடணும்னு வந்தேன்."

"என் உப்பைத் தின்னுட்டா?"

"உப்பு தின்னதுக்குத்தாங்கய்யா வந்து சொல்றேன். இல்லன்னா அப்படியே பஸ் ஏறியிருப்பேன்."

ஆனி பிறந்ததும் வைரக்கண்ணுவும் யூனுஸும் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவருக்காக இன்னொரு சங்கடம் காத்திருந்தது. ஆலைப் பையன்களுக்கு அதுவரை கபடி சொல்லிக் கொடுத்துவந்தவர் காயாரோகணம் என்ற மீனவர். கடலுக்குப் போகாத நாளெல்லாம் மைதானத்தில்தான் கிடப்பார். புது மாஸ்டர் தன் ஆட்களோடு வருகிறார், இனி வர வேண்டாம் என்று தியாகராசன் அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

வைரக்கண்ணுவுக்கு நாகம்மாளின் குரல் இன்னும் காதிலேயே இருந்தது. யூனுஸைக் கூட்டிக்கொண்டு மீனவர் தெருவுக்குப் போனார். காயாரோகணம் வலையை விரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ஆளும் பேருமா வந்து சேந்துட்டீங்கள்ல. இன்னும் என்ன?"

"உங்க இடத்துலதாங்க வந்து உக்காந்திருக்கோம்," என்றார் வைரக்கண்ணு. "எந்திரிங்கன்னு சொல்ல வரல. கொஞ்சம் தள்ளி உக்காந்து எங்களுக்கும் இடம் குடுங்கன்னு கேக்க வந்தேன்."

காயாரோகணம் இப்போது நிமிர்ந்து பார்த்தார். "செயலாளரு?"

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன். பிடி சொல்லிக் குடுக்க இன்னொரு ஆளும் வருவான், அய்யாக்கண்ணுன்னு. அவன் வந்தா உங்களுக்குச் சம்மதமா?"

"அவன் எங்க பிடிப்பான்?"

"தொடையில. இடுப்புல."

"நான் கணுக்காலு," என்று சிரித்தார் காயாரோகணம். "அப்ப சண்டை வராது. வரச் சொல்லுங்க."

ஆவணியில் விசாரணை வந்தது. தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர் வடமருதூர் வந்து, குடிசைக்கு எதிரே பெஞ்சு போட்டு உட்கார்ந்தார். தெருவே கூடி நின்றது. போன வருஷம் ஆனி மாதத்துக்கு முன்பிருந்தே குடியிருப்பவர்களுக்குத்தான் சட்டம் பொருந்தும். காரியக்காரர் துணிந்து சொன்னார்: "இது போன பொங்கலுக்குப் போட்ட குடிசைங்க."

வைரக்கண்ணு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பதினோரு வருஷமாக இந்த வாசலுக்கு வந்து போவதாகச் சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். ஆனால் "எழுத்து மூலமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

அய்யாக்கண்ணு கையைப் பிசைந்தான். நாகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கிராம முன்சீப்பின் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, எம் பொண்ணு மலர்கொடி பொறந்ததை உங்க புஸ்தகத்துல எழுதினீங்கள்ல? நான் வாசல்ல வந்து நின்னு எழுதச் சொன்னேன். ஒம்பது வருஷம் இருக்கும். எந்த வீட்டுல பொறந்தாள்னும் எழுதினீங்க. அதைக் கொஞ்சம் வாசிங்க."

முன்சீப் காரியக்காரரைப் பார்த்தார். அதிகாரி முன்சீப்பைப் பார்த்தார். "புஸ்தகத்தை எடுத்துக்கிட்டு வாங்க," என்றார்.

புஸ்தகம் வந்தது. பழுப்பேறிய தாளில் முன்சீப்பின் கையெழுத்திலேயே இருந்தது: பெண் குழந்தை, தகப்பனார் அய்யாக்கண்ணு, பிறந்த இடம் பஞ்சநதம் அவர்கள் தெற்குக் கொல்லைக் குடிசை. முன்சீப் அதை மெதுவாக வாசித்தார். அதிகாரி, "சத்தமா வாசிங்க," என்றார். இரண்டாம் முறை அவர் வாசித்தபோது தெருவின் கடைசி வரைக்கும் கேட்டது.

புரட்டாசியில் பட்டா வந்தது. அதற்குள் அதே தெருவில் பதினேழு வீட்டுக்காரர்கள் மனு கொடுத்துவிட்டார்கள்.

வைரக்கண்ணு மறுபடி வடமருதூர் வந்தார். இந்த முறை நேரே குடிசைக்குத்தான் போனார். "நாகம்மா, இவனை என்கூட அனுப்புறியா? அய்யாக்கண்ணு, நீ வர்றியா?"

"வர்றேன் மாஸ்டர்," என்றான் அய்யாக்கண்ணு. "ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வந்துருவேன்."

"வராட்டி நான் அங்க வந்துருவேன்," என்றாள் நாகம்மாள்.

மாசியில், அறுப்பு முடிந்த கையோடு, பேராவூரணியில் பெரிய போட்டி நடந்தது. தென்னந்தோப்புக்கு நடுவே மைதானம். ஏறுகிற மரத்திலெல்லாம் ஆட்கள் ஏறியிருந்தார்கள். இருபத்தாறு செட்டு வந்ததில், கடைசி ஆட்டத்துக்கு நின்றது ஒரு பக்கம் கூட்டுறவு ஆலை, இன்னொரு பக்கம் வடமருதூர். பஞ்சநதம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வடமருதூர் ஆட்டக்காரர்கள் ஏழு பேரும் வைரக்கண்ணு வளர்த்தவர்கள். கோட்டுக்குள் இறங்குமுன் தியாகு வந்து அவர் காலைத் தொட்டான். "நல்லா ஆடு. எனக்காக ஒரு பாயிண்டுகூட விடாதே," என்றார் அவர். தியாகு விடவும் இல்லை. பாதி ஆட்டத்தில் வடமருதூர் ஒன்பது பாயிண்டு முன்னால் நின்றது. ஆலைப் பையன் ஒருவனுக்குத் தோள் பிசகி, யூனுஸ் அவனைத் தோப்பு நிழலில் கிடத்தி, எண்ணெய் போட்டு நீவி, பத்தே நிமிஷத்தில் எழுப்பி அனுப்பினார்.

இடைவேளையில் தியாகராசன் பதறிக்கொண்டு வந்தார். "தியாகு எந்த இடத்துல தடுமாறுவான்னு உங்களுக்குத் தெரியாதா மாஸ்டர்? சொல்லுங்களேன்!"

"தெரியும். அங்க இருக்கறப்பத் தெரிஞ்சது அங்கேயே இருக்கட்டும். இங்க கத்துக்கிட்டதை வச்சு ஜெயிப்போம்."

அவர் காயாரோகணத்தையும் அய்யாக்கண்ணுவையும் பார்த்தார். ஐந்து மாதமாக இருவரும் விடியற்காலையில் உப்பங்கழிச் சேற்றில் பையன்களை நிற்கவைத்துப் பழக்கியது ஒன்று இருந்தது. ஒருவன் கணுக்காலுக்குத் தாழ்ந்து பாய வேண்டும். அதே மூச்சில் இன்னொருவன் தொடையைக் கட்ட வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் வந்தவன் இருவரையும் உதறிவிட்டுப் போய்விடுவான். ஆட்டத்தில் அதுவரை செய்து பார்த்ததில்லை.

"அதையே ஆடுங்க," என்றார் வைரக்கண்ணு.

முதல் இரண்டு முறை தப்பியது. மூன்றாவது முறை வடமருதூரின் இடதுகைக்காரன் நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது வேரோடு சாய்ந்தான். அதன் பிறகு ஆலைப் பையன்களுக்குப் பிடி கிடைத்துவிட்டது. ஒவ்வொருவராக விழுந்தார்கள். தென்னைமரத்தில் இருந்தவர்கள் மட்டையை அடித்துக் கத்தினார்கள். கடைசி நிமிஷத்தில் ஆலை இருபத்தெட்டு, வடமருதூர் இருபத்தேழு. கடைசியாகப் பாடி வந்தவன் தியாகு.

வந்த வேகத்தில் மூலைக்காரனைத் தொட்டுவிட்டுத் திரும்பினான். கோட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் சமன். காயாரோகணம் கோட்டுக்கு வெளியே முழங்காலிட்டு, "கீழே!" என்று கத்தினார். "இப்ப!" என்றான் அய்யாக்கண்ணு. இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தன. இரண்டு பையன்களும் ஒன்றாகவே பாய்ந்தார்கள். தியாகு இருவரையும் சுமந்துகொண்டு ஓர் அடி வைத்தான், கையை நீட்டினான். விரல் நுனிக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண் மண் மிச்சமிருக்கும்போது அவன் பாட்டு மூச்சறுந்து நின்றது.

விசில் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. பையன்கள் அய்யாக்கண்ணுவையும் காயாரோகணத்தையும் தோளில் தூக்கிக்கொண்டார்கள். தியாகராசன் கையில் மாலையோடு யாருக்குப் போடுவது என்று தெரியாமல் சுற்றி வந்தார். யூனுஸ் அழுதுகொண்டே தியாகுவின் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், அவனுக்கு அடி ஏதும் படவில்லையே என்று.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் பஞ்சநதம் வந்தார். வைரக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு திரும்பி, தோளிலிருந்து இறங்கி நின்ற அய்யாக்கண்ணுவைப் பார்த்தார். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

"அய்யாக்கண்ணு, பிடி பிரமாதமா இருந்துச்சுப்பா."

அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் கட்டவில்லை. அது தோளிலேயே இருக்க, நிமிர்ந்து பார்த்து, "பாதி இவரோடதுங்க," என்று காயாரோகணத்தைக் காட்டினான்.

மறுநாள் ஆலை லாரி சுற்று வழியில் வடமருதூருக்குப் போனது. நாகம்மாள் அண்டாவில் சோறு வடித்து வைத்திருந்தாள். காயாரோகணம் கூடை நிறையக் கொடுவாமீன் கொண்டுவந்திருந்தார். தோற்ற செட்டும் வந்துவிட்டது; தியாகுதான் முதலில் வந்து உட்கார்ந்தான். பட்டா வாங்கிய மனையில் இடம் போதாமல், பந்தி தெரு வரைக்கும் நீண்டது. தியாகராசன் இலை முன்னால் உட்கார்ந்து, வைரக்கண்ணுவின் காதில் மெல்லக் கேட்டார்:

"அடுத்த வருஷத்துக்கு இன்னும் ஆள் யாராவது வேணுமா மாஸ்டர்?"

வைரக்கண்ணு பதில் சொல்வதற்குள், குழம்பு ஊற்ற வந்த நாகம்மாள் சொன்னாள்: "யாரைக் கேக்கறதா இருந்தாலும் சாப்பிட்டுட்டுக் கேளுங்க. மொதல்ல அவங்க வீட்டுல கேளுங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது. அவள் வைரக்கண்ணுவின் இலையில் மீனின் நடுத்துண்டைப் பார்த்து வைத்தாள்.