ஊதாத விசில்

தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் ஸ்லவேனாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு வேலை. கப்ரோவோ வட்டாரக் கால்பந்து ஆட்டங்களில் அவள் நடுவர். இருபத்தேழு வயது, கறார் பேர்வழி, விதிப்புத்தகம் தலைகீழ்ப் பாடம். குறை ஒன்றுதான். வேகமாக ஓடினால் மூச்சு முட்டும்.

ஆஸ்துமா என்று சொல்லி இரண்டு வருடமாக இன்ஹேலர் கொடுத்திருந்தார்கள். ஆட்டத்துக்கு முன் இரண்டு தரம், இடைவேளையில் இரண்டு தரம் தவறாமல் இழுத்தாள். மருந்தின் வேகத்தில் கை நடுங்கியதே தவிர மூச்சு வழிக்கு வரவில்லை. ஆனால் ஓட்டத்தை நிறுத்தினால் ஐந்தே நிமிடத்தில் ஒன்றுமே நடக்காதது போல ஆகிவிடும். அதனால் பார்த்தவர்கள் பதற்றம் என்றார்கள். சிலர் பாசாங்கு என்றார்கள்.

ஏப்ரலில் ட்ரேன்கோவ் கிராமத்து மைதானத்தில் விஷயம் அம்பலத்துக்கு வந்தது. எண்பதாவது நிமிடம். யாரும் கோல் போடவில்லை. வெளியூர் அணி பந்தைப் பறித்துக்கொண்டு பாய, ஸ்லவேனாவும் பின்னால் ஓடினாள். அந்த மைதானம் ஒரு பக்கம் மேடு. பாதி தூரத்திலேயே தொண்டையை யாரோ கயிறு போட்டு இறுக்கியது போல இருந்தது. மூச்சை இழுத்தாள். 'கீ' என்று கூர்மையாக ஒரு சத்தம் கிளம்பியது.

உள்ளூர்த் தடுப்பாட்டக்காரர்கள் நாலு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் மட்டும் நிற்காமல் போய்ப் பந்தை வலைக்குள் தட்டிவிட்டான்.

உள்ளூர் அணித் தலைவன் ஸ்டாமென் வரிந்துகட்டிக்கொண்டு வந்தான். மற்ற நாட்களில் அவன் பஸ் ஓட்டுகிறவன்; குரலும் ஹாரன் மாதிரிதான்.

"விசில ஊதிப்புட்டு கோலுன்னா எப்படி மேடம்?"

"நான் ஊதல."

"அப்ப யாரு, எங்க மாமியாரா ஊதுனாங்க?"

விசில் அவள் கையில்தான் இருந்தது. மூச்சு வாங்க வாங்க உண்மையைச் சொன்னாள். "என் தொண்டை."

மைதானமே கொல்லென்று சிரித்தது. கோட்டோரம் கொடி பிடிக்கும் போன்ச்சோ ஓடி வந்தார். ஐம்பதை நெருங்கிய ரொட்டிக்கடைக்காரர். ஆறு வருடமாக அவளோடு ஊர் ஊராகப் போகிறவர்.

"அந்தப் பொண்ணு சொல்றது நெசம். விசிலு கையிலதான் இருந்துச்சு. ஆனா சத்தம் எனக்கே கேட்டுச்சுப்பா."

பார்வையாளர் யாராவது விசிலடித்து ஆட்டத்தைக் குழப்பினால் ஆட்டத்தை நிறுத்தி, பந்தைக் கீழே விட்டு மறுபடி தொடங்க வேண்டும் என்று விதி உண்டு. நடுவரின் தொண்டையைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஸ்லவேனா அதே விதியைப் பிடித்துக்கொண்டு கோலைச் செல்லாது என்றாள். வெளியூர் பயிற்சியாளர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

அடுத்த வாரமே நடுவர் குழுவிலிருந்து கடிதம் வந்தது. மருத்துவச் சான்று வேண்டும். ஜூன் ஓட்டத் தேர்விலும் தேற வேண்டும். அதுவரை ஆட்டம் கிடையாது.

போன்ச்சோதான் அவளைத் தன் பழைய வேனில் ப்ளோவ்திவ் நகரத்துக்கு அழைத்துப் போனார். தொண்டை மருத்துவர் ராய்னா முதலில் கேட்டதே புதிதாக இருந்தது.

"சத்தம் மூச்ச இழுக்கும்போது வருதா, விடும்போதா?"

"இழுக்கும்போது."

"இறுக்கறது நெஞ்சா, தொண்டையா?"

"தொண்டை டாக்டர். இங்க."

"இதை யாரும் இதுக்கு முன்னாடி கேக்கலையா?"

"உக்கார வச்சு ஒரு குழாயில ஊதச் சொன்னாங்க. நல்லாத்தான் ஊதுனேன்."

"உக்காந்தா நல்லாத்தாம்மா இருக்கும். நீ ஓடிக் காட்டு."

மெல்லிய குழாயொன்றை மூக்கு வழியாக விட்டு, அதன் நுனிக் கேமரா அசையாதபடி தலையில் வார் கட்டி, ட்ரெட்மில்லின் ஓடும் பட்டைமேல் ஏற்றினார்கள். தலையில் கிரீடமும் மூக்கில் வாலுமாக ஸ்லவேனா ஓடினாள். போன்ச்சோ திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வேகம் ஏற ஏற, 'கீ' கேட்டது.

"ஐயையோ, வழி மூடுதே," என்றார் போன்ச்சோ.

பட்டையை நிறுத்தியபின் ராய்னா அந்தப் படத்தை மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார். "ஓடும்போது இந்த மூச்சுக்குழாய் வாய் நல்லா விரியணும். உனக்கு அதுக்கு மேல இருக்கற ரெண்டு சதை மடிப்பும் காத்தோட சேந்து உள்ள விழுது. நுரையீரல்ல ஒரு கோளாறும் இல்ல. சிலருக்கு ஆஸ்துமாவும் சேந்தே இருக்கும், உனக்கு இல்ல. இன்ஹேலர் இந்தச் சதைய ஒண்ணும் பண்ணாது."

"அப்ப நான் நடிக்கல."

"யாரு சொன்னது நடிக்கறன்னு? அந்தாளக் கூட்டிட்டு வா, இதே பட்டையில ஓட விடறேன்."

ஸ்லவேனாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது. போன்ச்சோ கைக்குட்டையை நீட்டினார். அதில் ரொட்டி மாவு ஒட்டியிருந்தது.

ராய்னா சொல்லிக்கொடுத்த மூச்சுப் பயிற்சி எளிதாகத்தான் தெரிந்தது. தோளைத் தளர்த்த வேண்டும், தாடையை இறுக்கக் கூடாது, உதட்டைக் குவித்து நீளமாக மூச்சை விட்டுவிட்டு, வயிறு விரிய நிதானமாக இழுக்க வேண்டும். ஆனால் மூச்சு முட்டும்போது நிதானம் யாருக்கு வரும்? "இதுல சரியாகலன்னா ஆபரேஷனும் இருக்கு. முதல்ல இதப் பாப்போம்," என்று ராய்னா சொல்லியிருந்தார். ஏழு வாரம் காலையில் ஆற்றங்கரையில் ஓடினாள். பக்கத்தில் போன்ச்சோ சைக்கிளில் வந்து, "தோளு, தோளு," என்று கத்துவார். அவளுக்கென்று கடையிலிருந்து சுடச்சுடக் கொண்டுவரும் பனித்சா என்ற பாலாடைக்கட்டிப் பலகாரத்தைப் பாதி வழியிலேயே அவரே தின்றும் விடுவார்.

"எனக்குக் கொண்டாந்ததுதானே அண்ணே அது?"

"பாலாடைக்கட்டி ஆறிட்டா நல்லாருக்காதும்மா."

ஜூனில் தேர்வு. எழுபத்தைந்து மீட்டர் ஓட்டம், சற்று நடை, மறுபடி ஓட்டம், நாற்பது தரம். முப்பத்திரண்டு வரை குறையில்லை. முப்பத்து மூன்றில் அந்தக் கயிறு மறுபடி இறுக்கியது. தொண்டை கீச்சிட ஆரம்பித்தது. இன்னும் இழு, இன்னும் இழு என்று உடம்பு பறந்தது. அவள் இழுக்கவில்லை. தோளைக் கீழே விட்டாள். உதட்டைக் குவித்து, இருக்கிற காற்றையெல்லாம் மெல்ல வெளியே விட்டாள். பிறகு வயிற்றை விரித்தாள். காற்று சத்தமில்லாமல் உள்ளே போனது. மிச்சம் ஏழையும் அப்படியே ஓடி முடித்தாள்.

தேர்வில் தேறியபின் ஆகஸ்டில் அவளுக்குக் கிடைத்த முதல் ஆட்டம் ட்ரேன்கோவ் அணியுடையதே. நடுக்களத்தில் ஸ்டாமென் எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தான். நிமிர்ந்தால் மூன்றடி தூரத்தில் ஸ்லவேனா நிற்கிறாள்.

"எப்ப வந்தீங்க மேடம்?"

"உன்கூடவேதான் ஓடி வந்தேன்."

"போன வருசமெல்லாம் நீங்க வந்து சேர்றதுக்குள்ள நாங்க ரெண்டு பேர இழுத்துப்போட்டு எந்திரிச்சு நின்னுருப்போம். யாருங்க உங்கள சரிபண்ணது?"

"ப்ளோவ்திவ்ல ஒரு டாக்டரு. பேரு என்ன?"

"டாக்டர் பேரா?"

"உன் பேரு. எழுதணும்ல," என்று சொல்லி, மஞ்சள் அட்டையை உயர்த்தினாள்.