நொண்டாமல் நடந்த வருஷங்கள்

"சொன்னா நீங்க கட்டியிருப்பீங்களா மாப்பிள்ளை?"

"அதை நான்ல முடிவு பண்ணியிருக்கணும் அத்தை?"

எக்ஸ்ரே அறைக்குள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த தையல்காரிக்கு, வெளியே அம்மாவும் கணவனும் முட்டிக்கொள்வது நன்றாகவே கேட்டது. சற்று முன்புதான் டாக்டர் அவன் எதிரிலேயே கேட்டிருந்தார், சின்ன வயதில் ஆபரேஷன் செய்துகொண்டவள் ஏன் செக்கப்புக்கு வருவதை நிறுத்தினாள் என்று. அவள் இடுப்பிலிருக்கும் தழும்பு மாடிப்படியில் விழுந்ததால் வந்தது என்றுதான் அவன் அதுவரை நம்பியிருந்தான்.

பிறவியிலேயே அவளுக்கு இடுப்புக் கிண்ணம் ஆழமில்லை. தொடை எலும்பின் பந்து அதில் சரியாக உட்காராது. பள்ளிக்கூட வயதில் எலும்பை வெட்டித் திருப்பி வைத்தார்கள். அதன்பிறகு ஓடினாள், ஆடினாள். வருஷம் தவறாமல் வந்து படம் எடுக்கச் சொல்லியிருந்தார்கள். வரன் பார்க்கத் தொடங்கியதும் அம்மா அதற்கு முற்றுப்புள்ளி வைத்தாள். எலும்பு ஆஸ்பத்திரி வாசலில் எவளாவது பார்த்துவிட்டால் போச்சாம். வலி வந்தபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நட என்றாள். கேட்டவர்களிடமெல்லாம் இவளும் தையல் மெஷினை மிதித்து மிதித்துக் கால் மரத்துவிட்டது என்று சிரித்து மழுப்பினாள். இப்போது மூட்டு தேய்ந்து, செயற்கை மூட்டு வைக்கவேண்டிய நிலை. முன்பே வந்திருந்தால் இன்னும் பல வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்று டாக்டர் வருத்தப்பட்டார்.

அவளுக்கு அதுகூடப் பெரிதில்லை. கணவன் தோளில் தூங்கும் மகளுக்கும் அதே இடுப்பு. அவளுக்கும் எலும்பை வெட்டிச் சரிசெய்ய நாள் குறிக்க வேண்டும்.

அவள் வெளியே வந்ததும் கணவன் கேட்டான். "உன்னை வெட்டியும் இந்தக் கதி. பிள்ளையையும் வெட்டணுமா?"

"வெட்டினதாலதாங்க இத்தனை வருஷம் நடந்தேன். மறைச்சதுலதான் இவ்வளவு சீக்கிரம் தேஞ்சுபோச்சு."

"முழுப் பூசணிக்காயை சோத்துல மறைச்சவ நீ. உன் பேச்சை எதை வச்சு நம்பறது? வேற யாராவது பண்ணிக்கிட்டவங்க சொல்லட்டும், பாக்கலாம்."

வாழ்க்கையில் முதன்முறையாக அவள் உண்மையைச் சொல்கிறாள், அது செல்லாக்காசாகிவிட்டது.

அவன் பிள்ளையோடு படியிறங்கினான். அம்மா அவள் காதோரம் வந்தாள். "அவரைச் சம்மதிக்க வைடி. பண்ணிடலாம். ஆனா வெளியில மூச்சு விடாதே. பொம்பளப் பிள்ளை."

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கணவன் பின்னால் படியிறங்கினாள்.

படிப்பவர்களில் யாராவது சின்ன வயதில் இந்த இடுப்பு எலும்பு ஆபரேஷன் செய்துகொண்டிருக்கிறீர்களா? எத்தனை வருஷம் வலியில்லாமல் நடந்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறீர்கள்? நல்லதோ கெட்டதோ, மறைக்காமல் கீழே எழுதுங்கள். அவள் சொன்னால்தான் அவன் நம்பமாட்டான்.